மெத்தையில் விட்ட சப்பாத்து: கொழும்பு மல்யுத்தக்காரர் ஒருவர் விடைபெற்ற விதம்

எழுதுவதற்கு முன்

2024 நடுப்பகுதியிலிருந்து 2025 கடைசி வரை எங்கள் பயிற்சிக் கூடத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரும் அவருடைய மனைவியும் முழுவதையும் வாசித்து, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே விடுகிறேன். பெயர்கள் இல்லை. கூடம் கொழும்பு வடக்கில் இருக்கிறது என்பதற்கு மேல் இடத்தையும் சொல்லவில்லை. நான் அங்கே 18 வருடமாக உதவிப் பயிற்றுநர். இதில் பிழை விட்டவர்களில் நானும் ஒருவன், அது சின்னப் பிழையும் இல்லை. மல்யுத்தத்துக்கோ, சினிமா, நாடகச் சண்டைக் காட்சிகளுக்கோ பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கொஞ்சம் நேரம் எடுத்து வாசியுங்கள்.

ஆளும் பின்னணியும்

அவருக்கு அப்போது 37 வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். அப்பா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமி. சீனி மூட்டையும் பருப்பு மூட்டையும் தூக்கியே நான்கு பிள்ளைகளை வளர்த்தார். அந்த மனிதருக்கு தாரா சிங் என்றால் உயிர். மல்யுத்த மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர், 1983 இல் மல்யுத்தத்தை விட்டவர், அதற்குப் பிறகு தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமாராக வந்தவர் என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லுவாராம். மகனோ அமெரிக்க மேடை மல்யுத்தக்காரர்களின் படம் போட்ட டபிள்யூ.டபிள்யூ.எஃப். அட்டைகளோடு வளர்ந்த பிள்ளை. அண்டர்டேக்கர் அட்டையை யாருக்கும் மாற்றிக் கொடுக்க மாட்டான்.

15 வயதில் எங்கள் கூடத்துக்கு வந்தபோது கயிறு கட்டிய மேடையைத் தேடியிருக்கிறான். இருந்தது பழைய மெத்தைதான், ஓரங்களில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும். அப்போது தலைமைப் பயிற்றுநராக இருந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் சொல்லுவோம். அவர் அன்றைக்கு அந்தப் பொடியனிடம் சொன்னது, "இங்க யாரும் உனக்குக் கைதட்ட மாட்டாங்க, பரவாயில்லையா?" என்பது. பரவாயில்லை என்று சொல்லி மறுநாளும் வந்தான்.

74 கிலோ எடைப்பிரிவு. ஒற்றைக்காலைப் பிடித்து ஆளை இழுத்துப் போடுவதுதான் அவருடைய பலம். கழுத்து அப்படியொரு இரும்பு. தலையையும் கால்களையும் மட்டும் மெத்தையில் ஊன்றி, உடம்பை வளைத்துப் பாலம் போட்டு நின்றால் மேலே ஒருவன் ஏறி உட்காரலாம்.

நல்ல காலம்

தேசிய மட்டத்தில் முதலில் வெண்கலம், பிறகு வெள்ளி. தங்கம் கிடைக்கக் கொஞ்சம் காலம் எடுத்தது, அதற்கு ஒரு காரணம் இருந்தது. பழைய விதிப்படி 2 நிமிடச் சுற்றுகள், மூன்றில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். இவர் சூடேற நேரம் எடுக்கும் ஆள், முதல் சுற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு துரத்திக்கொண்டே இருப்பார். 2013 பெப்ரவரியில் மல்யுத்தத்தை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிர்வாகசபை பரிந்துரை செய்தது. உலகம் முழுக்க மல்யுத்தக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அந்த நெருக்கடியில்தான் விதிகள் திருத்தப்பட்டன. 3 நிமிடச் சுற்று இரண்டு, புள்ளிகள் மொத்தமாகக் கூட்டப்படும் என்று வந்தது. செப்டெம்பரில் ஒலிம்பிக் இடமும் திரும்பக் கிடைத்தது. எங்கள் ஆளுக்கு அந்த மாற்றம் கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி. கடைசி ஒன்றரை நிமிடத்தில் எதிராளி மூச்சு வாங்கும்போது இவர் அப்போதுதான் தொடங்குவார். அடுத்த இரண்டு வருடமும் தங்கம்.

2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் மல்யுத்தம் குவாஹாட்டியில் நடந்தது. அதற்கான பயிற்சிக் காலத்தில் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. போக முடியவில்லை. அதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அவருடைய மேல்நோக்கிய பயணம் அந்த இடத்தில் நின்றுவிட்டது, அதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பார்ப்போம், அதற்கடுத்த வருடம் பார்ப்போம் என்றே ஏழெட்டு வருடம் போனது.

முகம் தெரியாத வேலை

முழங்காலுக்குப் பிறகுதான் சண்டைக் காட்சி வேலை வந்தது. ஒரு மச்சான் முறைக்காரர் தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். மல்யுத்தம் தெரிந்தவனுக்கு விழத் தெரியும், அதனால் முதல் நாளிலேயே பிடித்துப் போயிற்று. சிங்கள நாடகங்கள், சில சினிமாப் படங்கள், விளம்பரங்கள். கதாநாயகன் உதைத்தால் மேசையை உடைத்துக்கொண்டு விழுவார், கதாநாயகனுக்குப் பதிலாக மாடிப்படியில் உருளுவார். தலைமுடியைக் கதாநாயகனுடையது மாதிரி வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும்.

இந்த வேலையைப் பற்றி வெளியே பலருக்குத் தெரியாது. நாட்கூலி. கையில் கடிதம் எதுவும் இல்லை. பகல் சாப்பாடும் போய்வர வாகனமும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் என்று இந்த நாட்டில் ஒழுங்கு இருக்கிறது. இவருக்கு எட்டு வருடத்தில் ஒரு சதமும் அப்படிப் போகவில்லை, ஏனென்றால் யார் முதலாளி என்றே சொல்ல முடியாத வேலை. ஒவ்வொரு நாளும் வேறு ஆள் கையில் காசு கொடுப்பார். தாரா சிங்குக்குத் தன் முகமும் பெயரும் சினிமாவில் சேர்ந்து வந்தன. இவருடைய முதுகு மட்டும்தான் திரையில் வந்தது.

2020 இல் ஊரடங்கு, 2022 இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும். படப்பிடிப்பு நின்ற மாதங்களில் கடன் ஏறியது. அதற்குப் பிறகு கிடைத்த எந்த வேலையையும் அவர் மறுக்கவில்லை. உயரம் கூடிய விழுதல்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதைத்தான் கேட்டு வாங்கினார். பின்னேரம் எங்கள் கூடத்துக்கும் வந்தார். படப்பிடிப்பிலும் கூடத்திலும் தலை அடிபட்டுக்கொண்டிருந்தது, ஒரு பக்கத்தில் நடப்பது மறுபக்கத்துக்குத் தெரியாது.

கண்ணில் பட்டும் விட்டவை

பின்னோக்கிப் பார்த்தால் 2022 இலிருந்தே தெரிந்திருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று டியூப் லைட்டை அணைக்கச் சொல்லுவார். இதை நான் பார்த்தேன். நாட்டின் நிலைமைக்கு மின்சாரம் மிச்சம் என்று நினைத்தேன். புதிதாக வந்த பிள்ளைகளின் பெயர் மனதில் நிற்கவில்லை. பெயர் மறப்பது யாருக்கும் நடப்பதுதானே. ஒரு தரம் மெத்தையில் சின்ன விஷயத்துக்கு ஒரு பொடியன் மேல் கோபப்பட்டுக் கத்தினார், 20 வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை.

அவருடைய மனைவி இதைவிட நிறையப் பார்த்திருக்கிறார். இரவில் தூக்கம் இல்லை. கடைக்குப் போய் என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறார். மகளின் வகுப்பாசிரியர் பெயரை மூன்று தரம் கேட்கிறார். இதையெல்லாம் அந்த அக்கா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார், திகதி போட்டு. எங்களில் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த நிகழ்வில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஆள் மெத்தையில் எப்படி நிற்கிறார் என்று மட்டும் பார்த்தோம், வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

விழுந்த நாள்

2024 ஜூன். ஒரு நாடகத்துக்காக அரைச் சுவரிலிருந்து பின்பக்கமாக விழ வேண்டும். கீழே அட்டைப்பெட்டிகளும் அதன் மேல் மெத்தையும் போட்டிருந்தார்கள். இரண்டாவது தரம் எடுக்கும்போது மெத்தை நகர்ந்திருந்தது, தலையின் பின்பக்கம் சீமெந்தில் பட்டது. எழும்பினார். ஒன்றுமில்லை என்றார். மூன்றாவது தரமும் விழுந்தார். அந்த மூன்றாவது தரத்தைத்தான் கடைசியில் நாடகத்தில் போட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் வாந்தி. "மழை விட்டிட்டுதா?" என்று கேட்டார். அன்றைக்கு மழையே இல்லை. ஐந்து நிமிடம் கழித்து அதையே கேட்டார், பிறகும் கேட்டார். மனைவி 1990 க்கு எடுத்தார், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. பிறகு எனக்கு எடுத்து, "அண்ணா, இவர் ஒரு மாதிரி இருக்கிறார், வாங்க" என்றார். நான் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்கேன் எடுத்து முடிந்திருந்தது. இரத்தக் கசிவு இல்லை, ஓர் இரவு வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

மறுநாள் வெளியே வந்தபோது எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: ஸ்கேன் கிளியர். நானும் அதைத்தான் நாலு பேருக்குச் சொன்னேன். அந்த வார்த்தை எங்களை ஏமாற்றியது. மூளை குலுங்கியதால் வரும் பாதிப்பு ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. இரத்தம் கசிந்திருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்றுதான் அந்தப் படம் சொல்லும். வைத்தியர் கொடுத்த தாளில் ஓய்வு என்றும், தலைவலி இருக்கும் வரை விளையாட்டு கூடாது என்றும் தெளிவாக இருந்தது. தாளை மடித்து அவர் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

என் பிழை

ஒன்பதாம் நாள் கூடத்துக்கு வந்தார். தலைவலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். இருந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் வந்ததும் லைட்டை அணைத்தார். இருந்தும் "மெதுவாகப் பிடி" என்று சொல்லி ஒரு 22 வயதுப் பொடியனோடு விட்டேன். ஏன் விட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் எங்கள் கூடத்தின் பெரிய ஆள். அவரை வெளியே உட்கார் என்று சொல்லும் இடத்தில் நான் என்னை வைத்துப் பார்த்ததே இல்லை. மாஸ்டர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

பொடியன் இடுப்பில் போட்டு எறிந்தான். பெரிய எறிதல்கூட இல்லை. இவர் எழும்பி உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "மாஸ்டர் இன்னும் வரலியா?"

மாஸ்டர் இறந்து அப்போது மூன்று வருடம். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் இவரும் ஒருவர்.

வைத்தியர் சொன்னதும் நாங்கள் வாதாடியதும்

அந்த இரவே திரும்பவும் ஆஸ்பத்திரி. பிறகு நரம்பியல் கிளினிக். வைத்தியர் அவசரப்படாமல் பேசினார். எத்தனை தரம் தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்திருக்கிறது என்று கேட்டார். அவர் இரண்டு என்றார். மனைவி கொப்பியை எடுத்து வைத்தார். அதில் 11 இருந்தது.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் ஆபத்து என்று விளங்கப்படுத்தினார். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு மெல்லிய உடற்பயிற்சி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. வழமையான ஒருவருக்கு இதுதான் ஒழுங்கு. உங்களுக்கு இந்தப் படிகளின் கடைசியில் மோதல் விளையாட்டு இருக்கக் கூடாது என்று முடித்தார். மல்யுத்தமும் வேண்டாம், விழும் வேலையும் வேண்டாம்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் பேசவில்லை. மறுநாள் காலையில் எடுத்தார். "சரி அண்ணன், விடுறன். ஆனா ஒரேயொரு மேட்ச் பிடிச்சிட்டு விடுறன்."

அவருடைய மூத்த அண்ணனுக்கும் அதே எண்ணம். ஆறு கிழமையில் ஒரு மாவட்டப் போட்டி இருந்தது. அதன் கடைசியில் இவருக்கு ஒரு விடைபெறும் போட்டி, டிக்கட் விற்றுக் கொஞ்சம் காசு சேர்த்துக் கடனை அடைக்கலாம், எதிராளியிடம் மெதுவாகப் பிடிக்கச் சொல்லுவோம் என்றார். அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. தம்பி 22 வருடம் உடம்பைக் கொடுத்த விளையாட்டிலிருந்து பின்கதவால் போகக் கூடாது என்பதுதான் அவருடைய நினைப்பு. அந்த நினைப்பில் எனக்கும் உடன்பாடு இருந்தது, அதனால்தான் முடிவு எடுக்க இரண்டு கிழமை போனது.

மறுத்ததற்கு எங்களுக்கு இருந்த காரணங்களைச் சொல்ல வேண்டும். மெதுவாகப் பிடிக்கச் சொன்னால் 22 வயதுப் பிள்ளைக்கு அது முடியாது. கால் பிடிபட்டதும் உடம்பு தானாக எறியும், அவனுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். வெற்றி தோல்வியை முன்பே எழுதி வைத்து ஆடும் தொழில்முறை மல்யுத்தத்தில்கூட விழுவது உண்மையாகத்தான் விழுகிறார்கள். டானியல் பிரையன் என்று மேடையில் அறியப்பட்டவர் 2016 பெப்ரவரியில் மூளை அதிர்ச்சிகளைக் காரணம் காட்டி விலகினார், அப்போது அவருக்கு 34 வயது. 2018 இல் வைத்தியர்கள் அனுமதித்த பிறகுதான் திரும்பினார். அதே தொழிலில் இருந்த ரிக் ஃபிளேயருக்கு 2008 ரெஸில்மேனியா நிகழ்ச்சியில் அவ்வளவு பெரிய விடைபெறல் கொடுத்தார்கள். அவர் பிறகும் வேறு நிறுவனத்தில் ஆடினார், 2022 ஜூலையில் 73 வயதில் கடைசிப் போட்டி என்று இன்னொன்று ஆடினார். ஒரேயொரு மேட்ச் என்று சொல்பவருக்கு அந்த ஒன்று போதாது. இவருக்கும் போதாது என்று மனைவி சொன்னார். அந்த வீட்டில் அவரை அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

போட்டி இல்லை என்று முடிவாயிற்று. அதை அவரிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. கொச்சிக்கடையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னேன். எழும்பிப் போய்விட்டார், குடிக்காத தேத்தண்ணிக்கும் சேர்த்து நான் காசு கொடுத்தேன்.

ஆகஸ்ட் மாதத்து இரண்டு நாள்

வழி எங்களிடமிருந்து வரவில்லை, பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து வந்தது.

ஆகஸ்ட் 6 ஆம் திகதி கியூபாவின் மிஹைன் லோபஸ் கிரேக்க-ரோமன் 130 கிலோவில் தொடர்ந்து ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 2008 இலிருந்து ஒன்றையும் விடவில்லை. வென்றதும் மெத்தை நடுவில் குனிந்து சப்பாத்தைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். இனி வரமாட்டேன் என்பதற்கு மல்யுத்தக்காரர்களின் பாஷை அது. 2004 ஏதென்ஸில் அமெரிக்காவின் ரூலன் கார்ட்னர் வெண்கலம் வென்ற பிறகு அப்படித்தான் செய்தார்.

மறுநாள் காலை இந்தியாவின் வினேஷ் போகாட். 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முன் எடை பார்த்ததில் 100 கிராம் கூட. தகுதி நீக்கம். அதற்கடுத்த நாள் ஓய்வு அறிவித்தார். எடை குறைக்க மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு காலிமுகத் திடலில் ஓடி, தண்ணீர் குடிக்காமல் துப்பித் துப்பி இருந்த எங்கள் ஆளுக்கு அந்த 100 கிராம் என்னவென்று தெரியும். அன்றைக்கு அவர் அழுதார் என்று மனைவி சொன்னார், ஜூனிலிருந்து முதல் தரமாக.

அந்த இரவு எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். இரண்டு பேரையும் பார்த்தாராம். ஒருவர் தன் நாளைத் தானே வைத்தார், மற்றவருக்கு அந்த நாளை வேறு யாரோ வைத்துவிட்டார்கள். "எனக்கு மேட்ச் வேணாம். சப்பாத்த கழட்டுறதுக்கு ஒரு நாள் தாங்க."

வீட்டில் மகன் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தக்காரர் ஜான் சீனாவின் ரசிகன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் சீனா டொரொண்டோவில், 2025 தான் என் கடைசி வருடம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். "சீனா மாதிரி நீங்களும் டேட் சொல்லுங்க அப்பா" என்று அவன் சொன்னதால் செப்டெம்பரில் ஒரு ஞாயிறு குறிக்கப்பட்டது.

அந்த ஞாயிறு

மண்டபம் எடுக்கவில்லை. எங்கள் கூடத்திலேயே, பழைய மெத்தையிலேயே. 80 பேர் வரை வந்தார்கள். நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து அப்பாவோடு வேலை செய்த வயதான நாட்டாமிகள் மூன்று பேர், சாரம் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு. அவரிடம் தோற்றவர்கள், அவரைத் தோற்கடித்தவர்கள். காலி, குருநாகல் பக்கமிருந்து வந்த சிங்கள நண்பர்கள்.

சண்டைக் குழுவினர் ஒரு வீடியோ செய்து கொண்டு வந்தார்கள். எட்டு வருடத்தில் அவர் விழுந்த காட்சிகளைத் தேடி எடுத்து நான்கு நிமிடத்துக்குச் சேர்த்திருந்தார்கள். மனைவிக்கு இதைக் காட்டுவது பிடிக்கவில்லை, ஒவ்வொரு அடியும் திரும்பப் பார்க்க வேண்டுமா என்றார். அவர் காட்டச் சொன்னார். சுவரில் போட்டோம். மேசை, மாடிப்படி, கண்ணாடி, முச்சக்கரவண்டியின் கூரை. நான்கு நிமிடமும் ஒரு இடத்திலும் முகம் இல்லை. சின்ன மகள் மடியிலிருந்து "இதில எது அப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் ஒவ்வொன்றுக்கும் "அந்த முதுகு நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அரங்கில் கதாநாயகர்களுக்கு விழும் கைதட்டு அன்று அந்த முதுகுக்கு விழுந்தது.

பிறகு மெத்தைக்குப் போனார். எதிராளி என்று யாரும் இல்லை. அவரை எறிந்த அந்த 22 வயதுப் பொடியன் எதிரே வந்து நின்று கை கொடுத்தான். அவன்தான் அந்த மூன்று மாதமும் அதிகம் பயந்து போயிருந்தவன். அவனிடம் "உன் பிழை இல்ல தம்பி" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இது முன்பே திட்டமிட்டதில்லை. நடுவில் உட்கார்ந்து முதலில் வலது, பிறகு இடது. முடிச்சு அவிழ்க்க நேரம் எடுத்தது. வெறுங்காலோடு வெளியே வந்தார்.

டிக்கட் இல்லை, ஒரு பெட்டி வைத்திருந்தோம். சேர்ந்த காசு மூன்று மாத வாடகைக்கும் ஒரு கடனின் பாதிக்கும் போனது. அந்தக் காசை யார் வைத்திருப்பது என்பதில் அண்ணனுக்கும் மனைவிக்கும் வந்த மனவருத்தம் இன்னும் தீரவில்லை. நாங்கள் முன்பே பேசி எழுதி வைத்திருக்க வேண்டியது.

திங்கட்கிழமைக்குப் பிறகு

விழாவைத் திட்டமிட்ட அளவுக்கு அதற்கு அடுத்த நாளை நாங்கள் திட்டமிடவில்லை. 22 வருடமாகப் பின்னேரம் 5 மணிக்கு ஓரிடத்துக்குப் போன மனிதருக்கு இப்போது அந்த நேரத்தில் போக இடம் இல்லை. கூடத்துக்கு வந்தால் மெத்தையில் ஏறி விடுவேன் என்று வரவில்லை. வீட்டில் மூன்று மாதம் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். மனைவி ஒரு தனியார் அலுவலகத்தில் துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்கினார்.

டிசம்பரில் யாருக்கும் சொல்லாமல் நீர்கொழும்புப் பக்கம் ஒரு படப்பிடிப்புக்குப் போனார், உயரத்திலிருந்து விழும் வேலைக்கு. அங்கே சண்டைப் பயிற்சியாளர் ஆளைக் கண்டதும் காசைக் கையில் வைத்து வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். ஓகஸ்டிலேயே அவருடைய சம்மதத்தோடு, வைத்தியர் சொன்னதை அந்தத் துறையில் வேலை கொடுக்கும் நான்கைந்து பேருக்கு நான் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் முடிவுகளில் சரியாக வந்தது இது. ஆனால் அன்றிலிருந்து ஐந்து கிழமை என்னோடு பேசவில்லை. சம்மதம் கொடுத்தது நினைவில்லை என்றார். உண்மையிலேயே நினைவில்லாமல் இருந்திருக்கலாம், எழுத்தில் வாங்கி அவர் கையில் ஒரு பிரதி கொடுத்திருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது.

2025 பெப்ரவரியில் அப்பாவின் பழைய முதலாளி குடும்பத்தின் கடையில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. மூட்டை தூக்கும் வேலை இல்லை, வந்த லொறியையும் போன லொறியையும் எழுதும் வேலை. மறதிக்கு அது நல்ல மருந்தாயிற்று, எல்லாமே எழுத்தில் இருக்கிறது. 38 வயதில் முதல் தரமாகச் சேமலாப நிதி இலக்கம் கிடைத்தது. ஏப்ரலிலிருந்து கிழமையில் இரண்டு பின்னேரம் கூடத்துக்கு வந்து 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறார். மெத்தைக்கு வெளியே நின்று விசிலோடு மட்டும்.

தலைவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. வெயிலில் நிற்க முடியாது. பெயர்கள் இன்னும் தப்புகின்றன, பிள்ளைகளுக்கு இலக்கம் போட்ட பனியன் கொடுத்திருக்கிறோம். அடி திரும்பத் திரும்பப் பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் வரக்கூடிய மூளை நோய் ஒன்று உண்டு, அது இருக்கிறதா என்று இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தக் கேள்வியோடு அந்தக் குடும்பம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக்.

இப்போது மாற்றியிருப்பது

கூடத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. தலையில் அடிபட்டால், சின்னதோ பெரிதோ, திகதி போட்டு எழுதுகிறோம். அந்த அக்காவின் கொப்பியைப் பார்த்துத்தான் அதே மாதிரிக் கோடு போட்டது. வெளியே வேறு விளையாட்டிலோ படப்பிடிப்பிலோ அடிபட்டாலும் அதில் வர வேண்டும். அடிபட்டவர் அன்று மெத்தைக்குத் திரும்ப முடியாது, திரும்பலாம் என்று சொல்லும் உரிமை பயிற்றுநருக்கு இல்லை, வைத்தியரின் தாள் வேண்டும். தாளை நாங்களும் வாசிக்கிறோம், பொக்கற்றுக்குள் போக விடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வீட்டிலிருந்து ஒருவரை, அம்மாவோ மனைவியோ அக்காவோ, கூப்பிட்டுப் பேசுகிறோம்.

30 தாண்டியவர்களோடு எப்போது விடுவது என்று ஆள் நன்றாக இருக்கும்போதே பேசத் தொடங்கியிருக்கிறோம். கஷ்டமான பேச்சு. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வரவில்லை. சண்டைக் காட்சி வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு, யார் கூலி கொடுக்கிறார், அடிபட்டால் யார் செலவு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறோம். இதுவரை ஒருவர்தான் வாங்கியிருக்கிறார், மற்றவர்கள் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அதற்கு எங்களிடம் இன்னும் வழி இல்லை.

சப்பாத்து கூடத்து யன்னல் கட்டில் இருக்கிறது. அவர் திரும்ப எடுக்கவில்லை, கேட்கவும் இல்லை.

2025 ஒக்டோபரில் 14 வயதுப் பிள்ளை ஒருத்தி பயிற்சியில் இன்னொருத்தியின் முழங்காலில் தலையை மோதிக்கொண்டாள். எழும்பி, ஒன்றுமில்லை என்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர்தான் விசில் ஊதி, இலக்கத்தைச் சொல்லி வெளியே கூப்பிட்டார். அடுத்த கிழமை பாடசாலைப் போட்டி இருந்தது, அதற்காக மூன்று மாதம் உழைத்தவள், அழுதாள். தாய் வந்து அவரோடு சண்டை பிடித்தார். அவர் பதில் சொல்லவில்லை, கொப்பியை எடுத்து எழுதினார். நான்கு கிழமைக்குப் பிறகு வைத்தியரின் தாளோடு அவள் திரும்பி வந்தாள்.